அப்பா பேரு என்னம்மா

ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்கக்கூட எனக்கு அனுமதி இல்லை. காலையில் வந்து உட்கார்ந்ததுமே அந்த நவநீதன் சார் சொல்லிவிட்டார், மேடம், உங்களுக்கு இங்கே ஒரே வேலைதான், பிள்ளைகளை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு இந்த நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும், உங்கள் பாஷையில் ஒரு வார்த்தை பேசக் கூடாது, தமிழிலும் எடுத்துக்கொடுக்கக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது. சரி சார் என்றேன். ஜாடை தெரியாமல் இருக்க முகத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வரட்டுமா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். கோடை மழைக்கு எங்கள் மலையில் நேரம் காலம் கிடையாது, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பிடித்துக்கொண்டது. சாரல் தலைமையாசிரியரின் மேஜை வரைக்கும் வருகிறது, விருந்தாளிகளுக்காக விரித்த பூப்போட்ட துணியின் ஓரம் நனைந்துவிட்டது, கூட வந்திருக்கும் ஹேமலதா மேடம் பிஸ்கட் தட்டை மட்டும் பத்திரமாக நகர்த்திவைத்தார். நல்ல மனிதர்கள்தான். பிள்ளைகளை அதட்டுவதில்லை, சிரித்துப் பேசுகிறார்கள், அழுத பையனுக்குக் கைக்குட்டை கொடுத்தார்கள். அடிவாரத்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் எல்லாமே இங்கிலீஷில் நடக்கிற அந்த விடுதிப் பள்ளிக்கூடத்துக்கு, இந்த மலைப் பிள்ளைகளிலிருந்து ஆள் எடுக்க வந்திருக்கிறார்கள். எழுத்துப் பரீட்சை போன மாதமே முடிந்துவிட்டது, இது வாய்மொழி. வெளியே வராந்தா பெஞ்சில் கடைசியில் ரங்கி உட்கார்ந்திருக்கிறாள், எண்ணெய் வழியத் தலை வாரி, முழங்காலை ஒட்டவைத்துக்கொண்டு. எழுத்துப் பரீட்சையில் அவள்தான் முதல். இவர்கள் முதலில் கேட்கப்போகும் கேள்விக்கு மட்டும் அவளால் பதில் சொல்ல முடியாது. தெரியாமல் அல்ல. அவள் அதைச் சொல்லக் கூடாது.

வாட் ஈஸ் யுவர் நேம், வாட் ஈஸ் யுவர் ஃபாதர்ஸ் நேம். எல்லாப் பிள்ளைகளிடமும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள், சுலபமான கேள்வி, பயம் தெளியட்டும் என்று. ரங்கியின் அப்பன், என் பெரியப்பன் மகன், என் அண்ணன், பங்குனியில் போனான். பார், அண்ணன் என்றுதான் நினைக்கிறேன், ரங்கி அப்பன் என்றுதான் நினைக்கிறேன், பெயர் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் போனதும் மனசு ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிவிடுகிறது. எங்கள் பதியில், இந்த மலைக்குடியிருப்பில், ஒருவர் இறந்தால் முன்னோர்களுக்கான கல்வீட்டில் அவருக்கு ஒரு கல் வைக்கும்வரை சொந்தபந்தம் யாரும் அவர் பெயரைச் சொல்லக் கூடாது. மற்றப் பதிகளில் எப்படியோ எனக்குத் தெரியாது, எங்கள் பதியில் இது கண்டிப்பு. கல் வைப்பது மாசியில். அண்ணன் மாசி முடிந்த கையோடு போய்விட்டான், அதனால் அடுத்த மாசி வரைக்கும் காத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் அவன் பதியின் ஓரமாகத்தான் எங்கேயாவது நடந்துகொண்டிருப்பான். சொந்தக்காரர் யாராவது பெயர் சொல்லிவிட்டால் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிவிடுவான். திரும்பியவனுக்குப் போகிற வழி தப்பிவிடும், கூப்பிட்டவர் வாசலிலேயே நிற்பான், உள்ளே வரவும் முடியாது, கல்லுக்குப் போகவும் முடியாது. இதை நீ நம்புகிறாயா மருதி, பி.எட். படித்தவள், சம்பளம் வாங்குகிறவள், நம்புகிறாயா? எனக்கே தெரியவில்லை. ஆனால் பங்குனியிலிருந்து நான் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அதே பெயரில் பதியில் இன்னொருத்தன் இருக்கிறான், அவனை இப்போது எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவனும் வாங்கிக் கட்டிக்கொண்டவன் மாதிரி உம்மென்று திரும்பிப் பார்க்கிறான். ரேஷன் கடையில் கார்டைப் பார்த்துப் பெயரைக் கூவியபோது என் அண்ணி வீரி வாயைத் திறக்காமல் முன்னால் நின்றுகொண்டே இருந்தாளாம், கார்டுக்கு ஆள் வரவில்லை என்று கடைக்காரன் ஒதுக்கிவைத்துவிட்டான். வாயைத் திறக்காதவளுக்கு அரிசி கிடையாது. வாயைத் திறக்காதவளுக்குப் பள்ளிக்கூடத்தில் சீட்டும் கிடையாது என்று ஆகிவிடுமோ?

காலையிலேயே தலைமையாசிரியரிடம் சொன்னேன். ஆறுச்சாமி சார் தங்கமான மனிதர், ஆனால் அந்த நேரத்தில் அவர் மனசு முழுக்கக் கோழிக் குழம்பில் இருந்தது. “அதுக்கென்னம்மா, அவுங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வேற கேள்வி கேக்கச் சொல்லிட்டாப் போச்சு” என்றார். சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். வாழை இலை வந்ததா, கேன் தண்ணீர் வந்ததா என்று அலைந்துகொண்டிருந்தார், பிறகு குழம்பில் உப்பு கூடிவிட்டது, பிறகு மழை. நானே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முன்பு ஒரு குழு வந்தபோது, காட்டைத் திருத்திப் புதுப் புனம் விதைக்கிற அன்றைக்குப் பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று கேட்டார்கள், விளக்கினேன், உடனே ஒரு அம்மாள் கேமராவை எடுத்துக்கொண்டார், இன்னொருவர் ஹௌ இன்ட்ரஸ்டிங் என்றார், பிறகு அறிக்கையில் மூடநம்பிக்கை என்று ஒரு வரி வந்தது. வேறு வழியாக நேற்றுச் சாயங்காலம் ரங்கிக்குப் பாதை மாற்றிக் கொடுத்தேன். அப்பா பெயர் வருகிற வரியை விட்டுவிடு, ஐ லிவ் வித் மை மதர் என்று தாண்டிவிடு, மை மதர்ஸ் நேம் ஈஸ் வீரி, அங்கிருந்து நேராகத் தோட்டம், ஆடு, பள்ளிக்கூடம். அவள் சரி என்றாள். அவள் எல்லாவற்றுக்கும் சரி என்பாள், அண்ணன் மாதிரி. மை ஃபாதர்ஸ் நேம் ஈஸ் என்கிற வரியை இதே பிள்ளைகளுக்குப் போன ஆடியில் நான்தான் கற்றுக்கொடுத்தேன், மொத்த வகுப்பும் கத்தியது, ரங்கி எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாள், அன்றைக்கு அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அவன் அப்போது ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தான்.

இப்போது உள்ளே இருக்கிற பையன் மேலத்தொரைப் பதிக்காரன். ஹேமலதா மேடம் பேனாவைத் தூக்கிக் காட்டி வாட் ஈஸ் திஸ் என்கிறார். பையன் பேனாவைப் பார்க்கிறான், மேடத்தைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். என்ன நினைக்கிறான் என்று எனக்குத் தெரியும், நானும் ஒரு காலத்தில் அதைத்தான் நினைத்தேன். இந்த அம்மாளுக்குப் பேனா தெரியாதா? எங்கள் ஊரில் தெரிந்ததை யாரும் கேட்க மாட்டார்கள். தெரிந்துகொண்டே கேட்கிறவர் கேலி செய்கிறார் என்று அர்த்தம், கேலிக்கு மரியாதையான பதில் சும்மா இருப்பது. பையன் மரியாதையாகச் சும்மா இருக்கிறான். நவநீதன் சார் பக்கத்தில் குனிந்து தணிந்த குரலில் “எம்டிஐ ஜாஸ்தி மேடம்” என்கிறார். மதர் டங் இன்ஃப்ளுயன்ஸ். காலையிலிருந்து இதை எத்தனை தடவை கேட்டுவிட்டேன். தமிழில் தாய்மொழித் தாக்கமாம். புயல் தாக்கம், வறட்சித் தாக்கம், தாய்மொழித் தாக்கம். டீ குடிக்கிறபோது எனக்கே விளக்கினார், பாவம், நான் பி.எட்.டில் அதற்குத் தனித் தாளே எழுதியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. “இவங்க வீட்டுல ஒரு பாஷை, ஸ்கூல்ல தமிழ், அதுக்கு மேல இங்கிலீஷ். யோசிக்கறது அந்த பாஷைல, அதைத் தமிழாக்கி, தமிழை இங்கிலீஷாக்கி வெளிய வர்றதுக்குள்ள கேள்வி கேட்டவனே மறந்துடறான்” என்று சிரித்தார். உண்மைதான், ஒரு எழுத்துத் தப்பில்லை. எங்கள் பிள்ளைகள் இங்கிலீஷ் வார்த்தையை முடித்த பிறகும் கடைசியில் ஒரு சின்ன உகரத்தை விட்டுவிட்டு வருவார்கள், கதவைச் சாத்தாமல் வந்தவர்கள் மாதிரி, பஸ்ஸு, புக்கு, டாகு. தேங்க்யூ சொல்ல மறந்துவிடுவார்கள், பதியில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை. இதையெல்லாம் தேய்த்துத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், நானும் தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் தேய்க்கிறபோது எதையாவது கூடவே பிய்த்துவிடுகிறேனோ என்று ஒரு பயம். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு வருகிற பயமில்லை, பட்டப்பகலில் கரும்பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு நிற்கிறபோது வருவது.

எனக்கும் தேய்த்தார்கள். கீழே விடுதியில் சேர்த்தபோது தமிழே எனக்குப் பாதிதான், வார்டன் அம்மாள் ஒரு மாதம் வரைக்கும் என்னை ஊமை என்று நினைத்திருந்தார், சமையல்காரியிடம் இந்த ஊமைக்கு இன்னும் கொஞ்சம் போடு என்று சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது, சோறு கூடக் கிடைத்ததால் நானும் திருத்தவில்லை. என்னைக் கொண்டுபோய் விட்டவன் அண்ணன்தான். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தோம், கேட்டுக்கு உள்ளே ஆண்கள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அவன் கம்பிக்கு வெளியே நின்றான். போ என்றும் சொல்லவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. நான் முகம் கழுவிச் சீருடை வாங்கிக் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்து எட்டிப் பார்க்கிறேன், அப்போதும் நிற்கிறான். எனக்குப் பெயர் தெரிந்த ஒரே ஆள் அந்த ஊரில் அவன்தான், கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன், அவன் கை ஆட்டிவிட்டுப் போனான். அப்போது கத்தலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் கத்தியிருக்கலாம், ஒரு தடவைதான் கத்தினேன். மழை கொஞ்சம் குறைகிறதா? இல்லை, காற்று திசை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ரங்கி அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டதும் அவன்தான், அதுதான் இதில் கொடுமை. நான்கூட யோசிக்கலாம் அண்ணா என்றேன், அவள் சின்னப் பிள்ளை, இங்கேயே எட்டு வரைக்கும் படிக்கட்டும் என்றேன். “நீ மட்டும் போயி டீச்சராயிட்ட, எம் பிள்ள ஆடு மேய்க்கோணுமா?” என்று சண்டைக்கு வந்தான், பிறகு அவனே சிரித்தான். எழுத்துப் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்ட வாரத்தில் காய்ச்சல் என்று படுத்தான். ஜீப்புக்கு ஆள் அனுப்பினோம், ஜீப் வந்தது, அவன் இல்லை. அன்றிலிருந்து ரங்கி ஒரு வேலையை விடாமல் செய்கிறாள். பொழுது சாய்கிற நேரம் வீட்டு வாசலில் ஒரு கை களியை வைத்துவிட்டு அன்றைக்கு நடந்ததை அவனுக்குச் சொல்வாள். அது எங்கள் முறை, பெயர் சொல்லக் கூடாது, ஆனால் பேசலாம், பேச வேண்டும். கல் வைக்கிற வரைக்கும் போனவனுக்குப் பேச்சுத்துணைக்கு வேறு யாரும் இல்லை, வீட்டிலிருந்து வருகிற பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் அவன் நாளைத் தள்ள வேண்டும். வீட்டில் கடைசிப் பிள்ளைதான் பேச வேண்டும், வேறு யார் பேசினாலும் செல்லாது. அவள் ஒரே பிள்ளை. கறுப்பாடு குட்டி போட்டது, அம்மா காலில் முள் குத்தியது, அத்தை இன்றைக்குத் திட்டினாள். நான் அந்த வழியாக வந்தால் காதில் விழும், நின்று கேட்காமல் நடந்துவிடுவேன். பரீட்சையில் முதலாக வந்ததையும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். சீட்டுக் கிடைக்காமல் போனால் அதையும் இன்றைக்குச் சாயங்காலம் அவள்தான் சொல்ல வேண்டும், உன் பெயரைச் சொல்லாததால் கிடைக்கவில்லை என்று அவனிடமே சொல்ல வேண்டும்.

“நெக்ஸ்ட்.” மேலத்தொரைப் பையன் எழுந்துவிட்டான், போகிற போக்கில் ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டான், கெட்டிக்காரன். நான் கதவுக்குப் போய் ரங்கநாயகி என்று கூப்பிடுகிறேன், ரங்கி என்று பெயர் சொன்னால் அது முழுப்பெயர் இல்லை என்று ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது பழைய தலைமையாசிரியர் நாயகியைச் சேர்த்துவிட்டார். அவள் வந்து உட்கார்கிறாள். கால் தரையைத் தொடவில்லை. குட் ஆஃப்டர்நூன் சார், குட் ஆஃப்டர்நூன் மேடம், இருவர் முகமும் மலர்கிறது. மை நேம் ஈஸ் ரங்கநாயகி. ஐ லிவ் வித் மை மதர். தாண்டிவிட்டாள், நான் மூச்சு விடுகிறேன். மை மதர்ஸ் நேம் ஈஸ் வீரி. தோட்டம் வந்தது, கேழ்வரகு வந்தது, ஆடு வந்தது, ஆட்டின் பெயர்கூட வந்தது, ஹேமலதா மேடம் கன்னத்தில் கை வைத்துக் கேட்கிறார். உகரம் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது, கோட்டு, ஃபீல்டு, பரவாயில்லை, விடுங்கள், பிள்ளை பேசுகிறாள். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நவநீதன் சார் முன்னால் சாய்ந்தார், “அண்ட் யுவர் ஃபாதர்? யூ டிட் நாட் டெல் அபவுட் யுவர் ஃபாதர்” என்றார். ரங்கி கையைப் பார்த்தாள். “நோ ஃபாதர் சார்” என்றாள். அவர் முகம் வாடிவிட்டது, நடிப்பில்லை, நிஜமாகவே வாடியது, கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னும் முன்னால் வந்து, குரலை எவ்வளவு மென்மையாக்க முடியுமோ அவ்வளவு மென்மையாக்கி, “ஓ, ஐ ஆம் சாரி. வாட் வாஸ் ஹிஸ் நேம்?” என்றார். இரக்கத்தில் கேட்கிறார். அவர் ஊரில் அதுதான் இரக்கம் போலிருக்கிறது, போனவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஒரு நிமிஷம் மனசில் வைத்துக்கொள்வது. அந்த மனிதர் மேல் கோபப்பட முடியவில்லை, கோபப்பட முடிந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருக்கும்.

மழைச் சத்தம் ஓட்டில் கேட்கிறது. “டேக் யுவர் டைம்” என்கிறார். பிறகு விதியை அவரே மீறித் தமிழிலும் கேட்கிறார், “அப்பா பேரு என்னம்மா? அவ்வளவுதான் கேக்கறேன், பேரு மட்டும் சொல்லு.” பேர் மட்டும். எனக்குத் தாங்கவில்லை, “சார், வேற கேள்வி...” என்று வாயெடுத்தேன், “மேடம், ப்ளீஸ்” என்று கையைத் தூக்கினார், “ப்ராம்ப்ட் பண்ணாதீங்க, அவளுக்குத்தான் நஷ்டம்.” ஹேமலதா மேடம் தாளில் ஏதோ எழுதுகிறார், இவ்வளவு நன்றாகப் பேசிய பிள்ளை, மனப்பாடம் போலிருக்கிறது, நேர்க்கேள்விக்குப் பதில் வரவில்லை, இதைத்தான் எழுதுவார். ரங்கி என்னைப் பார்க்கிறாள். டீச்சரைப் பார்க்கிற பார்வை இல்லை, அத்தையைப் பார்க்கிற பார்வை. எங்கள் பேச்சில் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்ன வார்த்தை? சொல்லாதே என்றா? சொல்லாதே என்றால் அவன் ஆசைப்பட்ட சீட்டு போயிற்று, எட்டு முடிந்ததும் ஆடு, விறகு, பிறகு எவனுக்காவது கட்டிக்கொடுத்துவிடுவார்கள், அவன் எதற்காக என்னோடு சண்டை போட்டானோ அது போயிற்று. சொல்லிவிடு என்றா? சொன்னால், அவன் திரும்பிவிட்டானோ, இந்த வாசலில் நிற்கிறானோ என்று ஒவ்வொரு ராத்திரியும் கதவைப் பார்த்துக்கொண்டு படுப்பாள், வீரி அவளோடு பேச மாட்டாள். எதைச் சொல்வேன் நான்? பேசக் கூடாது என்று அவர் போட்ட விதிக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். அந்த நிமிஷம் அது எனக்கு நிம்மதியாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது, நான் தரையைப் பார்த்தேன்.

அப்போது அவள் குரல் கேட்டது. “மை ஃபாதர்ஸ் நேம் ஈஸ்” என்றாள், சொல்லிவிட்டாள். பங்குனிக்குப் பிறகு அந்தப் பெயரை நான் காதால் கேட்டது இப்போதுதான், கதவுப் பக்கம் தானாகத் திரும்பிப் பார்த்தேன், மழைதான் இருந்தது. ஆனால் அது அண்ணன் பெயர் மாதிரியே இல்லை. நாங்கள் அதன் கடைசி எழுத்தை இழுப்போம், ஓடைக்கு அந்தப் பக்கம் ஆடு ஓட்டுகிறவனுக்குக் கேட்க வேண்டுமே. அவள் இழுக்கவில்லை, கடைசியைக் கத்தரித்துவிட்டாள், ஆரம்பத்தை மூக்கால் சொன்னாள், நடுவில் நாக்கைச் சுருட்டினாள், செல்போனில் நான் போட்டுக் காட்டுகிற வெள்ளைக்காரர் பேசுவதுபோல. யாரோ ஊர் பேர் தெரியாதவன் பெயர் மாதிரி இருந்தது. நவநீதன் சார் மேஜையில் தட்டினார். “எக்ஸலண்ட்! பாத்தீங்களா மேடம், இவ்வளவு நேரம் பேசினதுல இந்த ஒரு சென்டன்ஸ்லதான் மதர் டங் இன்ஃப்ளுயன்ஸே இல்ல. இவளை எடுத்துக்கலாம்.” ஹேமலதா மேடமும் தலையாட்டினார், எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். தேங்க்யூ சார், தேங்க்யூ மேடம் என்றாள் ரங்கி, மறக்காமல் சொன்னாள். பிஸ்கட் எடுத்துக்கோ என்றதும் எடுத்துக்கொண்டாள், தின்னவில்லை.

வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். வேறு யாரும் இல்லை, ஆறுச்சாமி சார் மட்டும் சமையல்கட்டுப் பக்கமிருந்து “என்னாச்சும்மா, கெடச்சுதா?” என்று கத்தினார், கிடைத்தது சார் என்று கத்தினேன், “அப்பாடி” என்றார். இனி பேசலாம், எந்தப் பாஷையிலும் பேசலாம். அவள்தான் என் முந்தானையை இழுத்து எங்கள் பேச்சில் கேட்டாள், “அத்தே, நான் இங்கிலீசுலதான சொன்னேன். அப்பனுக்கு இங்கிலீசு தெரியாதில்ல. தன்னத்தான் சொல்றாங்கன்னு தெரிஞ்சிருக்காதில்ல?” அதற்காகத்தான் நாக்கைச் சுருட்டியிருக்கிறாள். நாற்காலியில் கால் தொங்க உட்கார்ந்துகொண்டு, மூன்று பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவ்வளவு நேரம் அதைத்தான் யோசித்திருக்கிறாள். “தெரிஞ்சிருக்காது சாமி” என்றேன், “ஒரு எழுத்துக்கூடத் தெரிஞ்சிருக்காது.” என் வாழ்நாளில் எந்தப் பிள்ளைக்கும் இவ்வளவு உறுதியாக நான் பதில் சொன்னதில்லை. அவள் பெரிதாக மூச்சு விட்டாள், தோள் இறங்கியது, பிஸ்கட்டில் ஒரு ஓரம் கடித்தாள். எனக்கு அவளைத் தூக்கிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, வளர்ந்த பிள்ளை, தலையை மட்டும் தடவினேன், எண்ணெய் கையில் ஒட்டியது. வாசலில் தண்ணீர் செம்மண் கலந்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் மென்று முடித்துவிட்டு, “அந்த ஸ்கூலு எப்ப தொறக்கும்?” என்றாள். ஆனியில் என்றேன். “அங்க எந்நேரமும் இங்கிலீசுதானா? ராத்திரிக்கும் அங்கயேதானா?” ஆமாம் என்றேன், விடுதியில்கூட இங்கிலீஷ்தான் பேச வேண்டும், சீக்கிரம் பழகிவிடும், எனக்கும் பழகிவிட்டது என்று வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு கடிப்பதை நிறுத்திவிட்டாள். “அப்ப நான் அங்கிருந்து என்ன சொன்னாலும் அப்பனுக்குப் புரியாதா?” என்றாள். “லீவுக்கு வருவியே, அப்ப வந்து நம்ம பேச்சுல எல்லாத்தையும் சொல்லலாம்” என்றேன். “அதுவரைக்கும் அவரு யார்கிட்டப் பேச்சுக் கேப்பாரு, அத்தே?” என்றாள்.